விறாந்தையில் தொடங்கிய பள்ளிக்கூடம்

பிள்ளைக்கு மூன்று வயது முடியும் முன்பே "எந்த இன்டர்நேஷனல் ஸ்கூலில் சேர்க்கலாம்?" என்று கேட்டு வருகிற வெள்ளவத்தை இளம் தாய் தகப்பன்மாருக்கு நான் முதலில் சொல்வது ஒரு பழைய கதை.

1835 இல் ஜோசப் மாஷ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், வுல்வெண்டால் தேவாலயத்தின் பின் விறாந்தையில் கொஞ்சப் பையன்களை வைத்து ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளிக்கூடம் தொடங்கினார். கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்து போகிற தூரம்தான். கோல்புறூக் ஆணைக்குழு அறிக்கை வந்து சில வருடங்களே ஆகியிருந்த நேரம் அது. அதன் பயனாக இங்கிலீஷ் தெரிந்தவனுக்கு அரச உத்தியோகத்தின் கதவு திறக்கத் தொடங்கியிருந்தது. அடுத்த வருடமே தேசாதிபதி ஹோர்ட்டனின் அரசு அந்தப் பள்ளியை எடுத்துக் கொழும்பு அகடமி ஆக்கியது. 1881 இல் அது றோயல் கல்லூரி ஆனது.

அந்த அகடமியில் படித்த இரண்டு தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றித்தான் நான் நீட்டிச் சொல்வேன். பொன்னம்பல முதலியாரின் மக்கள் இராமநாதனும் அருணாசலமும். தம்பி அருணாசலம் கேம்பிரிட்ஜ் போய்ப் படித்து, 1875 இல் போட்டிப் பரீட்சை எழுதி இலங்கை சிவில் சேவைக்குள் நுழைந்தார். இலங்கையர் ஒருவர் அப்படி நுழைந்தது அதுவே முதல்முறை. அவ்வளவு இங்கிலீஷ் படித்த மனிதர் அதை எதற்குப் பயன்படுத்தினார் பாருங்கள். திருவாசகப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அண்ணன் இராமநாதன் பகவத்கீதைக்குத் தமிழில் உரை எழுதினார். பெண் பிள்ளைகளுக்கென்று 1913 இல் மருதனார்மடத்தில் கல்லூரி கட்டினார்.

இங்கிலீஷ் படித்தால் தமிழ் போய்விடாது என்பதில் இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு வெள்ளிக்கிழமை கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். தகப்பனார் 1857 இல் கட்டிய கோயிலை, மகன் இராமநாதன் 1907 இல் தொடங்கி 1912 வரை முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே கல் குளிர்ந்திருக்கும். அங்கே ஒரு தூணில் பிள்ளையின் கையை வைக்கச் சொல்லி, இதைக் கட்டியவர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான் என்று சொல்லுங்கள்.

இராமநாதனும் அருணாசலமும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். அதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. அதே கொட்டாஞ்சேனையில், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் மகனுக்கு அந்த இங்கிலீஷ் வாசல் அநேகமாகத் திறக்கவே இல்லை. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி என்பது 1945 ஒக்டோபரில்தான் வந்தது. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா செய்த அந்தக் காரியத்தை, காசு கட்டிப் படிக்கிற பிள்ளைகளும் நன்றியோடு தெரிந்திருக்க வேண்டும். அறுபதுகளின் தொடக்கத்தில் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. 1938 இல் கெபிள் என்பவர் கொள்ளுப்பிட்டியில் தொடங்கிய சென் தோமஸ் ஆயத்தப் பாடசாலை போன்ற சில மட்டும் தனியாராகவே நின்றன. இன்று காலி வீதியின் இரு பக்கமும் நீங்கள் பார்க்கிற சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்டவை.

அவற்றில் சேர்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கிலீஷ் பிள்ளைக்குச் சோறு போடும், உலகத்தைக் காட்டும். ஆனால் அம்மம்மா தமிழில் கேட்க, பேரன் இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட, அவ முகம் பார்த்து நிற்கிற வீடுகளை எங்கள் ஒழுங்கைகளிலேயே கண்டிருக்கிறேன். அது பள்ளிக்கூடத்தின் குற்றம் மட்டுமில்லை. தமிழில் கதைத்தால் இங்கிலீஷ் கெட்டுவிடும் என்று வீட்டிலேயே தமிழை நிறுத்தியது தாய் தகப்பன்தான். அந்தப் பயத்துக்கு ஆதாரமே இல்லை. இராமநாதனும் அருணாசலமும் கோயில் கட்டிய தகப்பனின் வீட்டில் வளர்ந்துகொண்டுதான் அகடமிக்குப் போனார்கள்.

ஆகவே அனுமதிப் பணம் கட்டும் முன் அதிபரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: கிழமைக்கு எத்தனை தமிழ்ப் பாடவேளை, படிப்பிக்கிறது யார்? பதில் திருப்தியில்லாவிட்டால், ஒவ்வொரு இரவும் அரை மணித்தியாலம் போனை வைத்துவிட்டு நீங்களே பிள்ளைக்குத் தமிழ்க் கதை வாசித்துக் காட்டுங்கள்.