முதுகுவலி என்று சொன்ன பொய்

தூரம் நின்று 2 வருஷம். உடம்பு திகுதிகுவென்று எரியும், வியர்க்கும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். கீழே இப்படி வறண்டு, எரிந்து, உட்காரவே கூசும் என்று யாரும் சொல்லவில்லை. சுத்தம் போதவில்லையோ என்று வாசனை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். எரிச்சல் கூடியதுதான் மிச்சம். நடுவில் 3 முறை சிறுநீர்த் தொற்று வேறு. வீட்டுக்காரரிடம் "முதுகுவலி" என்று சொல்லித் திரும்பிப் படுத்த ராத்திரிகளுக்குக் கணக்கில்லை.

ஒன்றரை மாதம் முன்புதான் டாக்டரம்மாவிடம் வாயைத் திறந்தேன். "ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சதால அங்க தோல் மெலிஞ்சிருச்சும்மா. முதல்ல சோப்பை நிறுத்துங்க, வெறும் தண்ணி போதும்" என்றார். எஸ்ட்ரியால் க்ரீம் எழுதினார்: 2 வாரம் தினமும் ராத்திரி உள்ளே, பிறகு வாரம் 2 முறை. ஹார்மோன் என்றதும் பயந்தேன். ரத்தத்தில் மிகக் கொஞ்சம்தான் கலக்குமாம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் கேட்காமல் தொடக்கூடாதாம். தூரம் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே வரச் சொன்னார்.

மெடிக்கல் ஷாப் பையன் அந்த க்ரீமையும் செய்தித்தாளில் சுற்றித்தான் கொடுத்தான், நாப்கின் மாதிரி!

நேற்று திருச்சி வரை பஸ்ஸில் நெளியாமல் உட்கார்ந்து போனேன். வீட்டுக்காரரிடம் முதுகுவலி பொய் என்பதையும் சொல்லிவிட்டேன். "அடிப்பாவி, நான் தைலம் வாங்கி வச்சிருக்கேனே" என்றார்.