குதிரை இல்லாத ஊரில் தேர் தேடினவர்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, ஆரம்பிச்சு, பாதியிலயே விட்டுட்ட விஷயம் இது. இன்னிக்கு எழுதி முடிச்சிடறதுன்னு உட்கார்ந்தாச்சு. கொஞ்சம் நீளம்தான். காபி டம்ளரோட வந்து உட்காருங்க.

காபின்னதும்தான் ஞாபகம் வருது. 2009-ல் வேலை விஷயமா அமெரிக்காவில் யூட்டா மாநிலம், ப்ரோவோ ஊருக்குக் குடி போனேன். முதல் வாரமே பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டில் சுட்ட ரொட்டியோட வந்து நின்னார். நம்ம பழக்கம் விடுமா? டிகாக்‌ஷன் இறக்கி, நுரை பொங்க ஒரு ஃபில்டர் காபி போட்டு நீட்டினேன். மனுஷன் நெளிஞ்சார். "தப்பா நினைக்காதே, நாங்க காபி குடிக்கிறதில்லை." டீ? அதுவும் கிடையாதாம். கடைசியில் வெறும் பால் குடிச்சிட்டுப் போனார். அப்படித்தான் எனக்கு மார்மன்கள் அறிமுகம் :-)

(இப்ப அவங்க சபை, 'மார்மன்'னு சொல்லாம முழுப்பேரைச் சொல்லுங்கன்னு 2018-லிருந்து கேட்டுக்கிட்டு இருக்கு. அந்தப் பெரியவர் தன்னை மார்மன்னுதான் சொல்லிக்குவார். அதனால நானும் அப்படியே எழுதறேன்.)

அவருக்கு எழுபது வயசு இருக்கும். மனைவி தவறிட்டாங்க. 1960-களில் வாலிபரா இருந்தப்ப குவாத்தமாலாவில் மதப் பிரசாரம் செஞ்சவர். வீட்டு ஹால் முழுக்க திக்கால், பலெங்கே கோயில் படங்கள். எனக்கும் பழைய கல், இடிஞ்ச சுவர்னா ஒரு கிறுக்கு உண்டு. ஒட்டிக்கிச்சு. சனிக்கிழமை சாயங்காலம் ஆனா அவர் வீட்டுத் திண்ணையில்தான் இருப்பேன்.

அவர் கொடுத்து, மார்மன் புத்தகத்தை முழுசாப் படிச்சேன். கதை இதுதான். கி.மு. 600 வாக்கில் லேகின்னு ஒருத்தர் குடும்பத்தோட ஜெருசலேமை விட்டுக் கிளம்பி, கப்பல் கட்டி அமெரிக்கா வந்து சேர்றார். பிள்ளைகள் வழியில் நேஃபியர், லேமனியர்னு ரெண்டு ஜனங்கள். கடைசியில் கி.பி. 385 வாக்கில் பெரும்போர், நேஃபியர் அழிஞ்சு போறாங்க. அந்த வரலாறு தங்கத் தகடுகளில் எழுதப்பட்டு நியூயார்க் பக்கம் ஒரு குன்றில் புதைக்கப்பட்டிருந்ததாகவும், 1827-ல் அதை எடுத்து மொழிபெயர்த்ததாகவும் ஜோசப் ஸ்மித் சொன்னார். புத்தகம் 1830-ல் அச்சாச்சு.

படிக்கும்போது ஒரு இடத்தில் எனக்குச் சுருக்குன்னுது. வழி தவறின லேமனியருக்குச் சாபமா தோல் கறுத்துப் போச்சுன்னு வருது. என் கையை ஒரு தடவை பார்த்துக்கிட்டேன். அந்தக் கோபத்தோடதான் நூலகத்துக்குப் போனேன்னு ஒத்துக்கறேன்.

நூலகத்தில் எனக்கு வேணுங்கற அளவுக்கு வெடிமருந்து கிடைச்சுது. புத்தகத்தில் குதிரை வருது, தேர் வருது, எஃகு வருது, கோதுமை வருது. ஆனா அமெரிக்கக் கண்டங்களில் இருந்த குதிரை இனம் சுமார் 10,000 வருஷத்துக்கு முன்னாடியே அழிஞ்சு போச்சு. திரும்ப வந்தது ஸ்பானியர் கப்பலில். 1519-ல் கோர்டெஸ் மெக்சிகோவில் இறங்கினப்ப அவர்கிட்ட இருந்ததே 16 குதிரைதான். மாயர்களோ ஓல்மெக்குகளோ இரும்பு உருக்கினதில்லை. சக்கரம் வெச்ச மண் பொம்மைகள் கிடைச்சிருக்கு, ஆனா வண்டி இழுத்ததுக்கு அடையாளம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை பட்டியலோட போய் உட்கார்ந்தேன். பெரியவரும் சும்மா இல்லை. ஏமனில் மாரிப் கோயிலில் கிடைச்ச பலிபீடக் கற்களில், லேகி கதையில் வர்ற 'நாகோம்' ஊர்ப்பேரோட ஒத்துப்போற இனப்பேர் இருக்கறதைச் சொன்னார். அது நல்ல பாயிண்டுதான். அரிசோனாவில் கொலம்பஸுக்கு முந்தின பார்லி கிடைச்சதைச் சொன்னார். அது உள்ளூர் காட்டு இனத்திலிருந்து வந்ததுன்னேன். அப்புறம், குதிரைன்னு சொன்னது டேப்பிரா இருக்கலாம்னு அவங்க அறிஞர்களே சிலர் எழுதியிருக்கறதைச் சொன்னார்.

டேப்பிர் தெரியுமில்லையா? பன்னிக்கும் யானைக்கும் நடுவுல ஒரு மாதிரி இருக்கும், குட்டித் தும்பிக்கையோட.

"அப்ப ராஜா பன்னி பூட்டின தேர்லயா போனார்?"னு கேட்டுட்டுச் சிரிச்சேன்.

அவர் சிரிக்கலை.

கொஞ்ச நேரம் கழிச்சு உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்துட்டு வந்தார். தாமஸ் ஸ்டூவர்ட் ஃபெர்குசன் எழுதி 1958-ல் வந்த 'ஒன் ஃபோல்ட் அண்ட் ஒன் ஷெப்பர்ட்'. "இவரைப் பத்தி உனக்குத் தெரியுமா?"ன்னார். தெரியாது.

ஃபெர்குசன் கலிஃபோர்னியாவில் வக்கீல். மார்மன் புத்தகம் நிஜ வரலாறுன்னா மண்ணுக்குள்ள சாட்சி இருக்கணும், தோண்டினா கிடைக்கணும்ங்கறது அவர் கட்சி. வக்கீல் புத்தி! 1952-ல் புது உலகத் தொல்லியல் அறக்கட்டளையை ஆரம்பிச்சார். ஆல்ஃபிரட் கிடர் மாதிரி மார்மன் அல்லாத பெரிய தொல்லியலாளர்களையும் சேர்த்துக்கிட்டார். சபையே பணம் கொடுத்துச்சு. மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் வருஷக்கணக்கா தோண்டினாங்க. சியாபா தே கோர்சோவில் கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டு முந்தின நகரம் வெளியே வந்துச்சு. அந்தக் காலத்து மெசோ அமெரிக்காவைப் படிக்கிறவங்க இன்னிக்கும் அந்த அறிக்கைகளைப் புரட்டாம இருக்க முடியாது.

எல்லாம் கிடைச்சுது. நேஃபியர் மட்டும் கிடைக்கலை.

அடுத்த அடி எகிப்திலிருந்து வந்துச்சு. 1835-ல் ஜோசப் ஸ்மித் மம்மிகளோட சில பப்பைரஸ் சுருள்களை வாங்கி, அதிலிருந்து ஆபிரகாம் புத்தகத்தை மொழிபெயர்த்ததாச் சொல்லியிருந்தார். சுருள்கள் சிகாகோ தீவிபத்தில் எரிஞ்சு போச்சுன்னு எல்லாரும் நினைச்சிருக்க, சில துண்டுகள் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருந்து 1967-ல் சபைக்குத் திரும்பி வந்துச்சு. ஃபெர்குசன் அதன் படங்களை பெர்க்லி எகிப்தியல் அறிஞர்கள்கிட்டக் காட்டினார். செத்தவங்களோட வைக்கிற வழக்கமான ஈமச் சடங்கு ஏடுன்னுட்டாங்க. 2014-ல் சபை வெளியிட்ட கட்டுரையும், அந்தத் துண்டுகளில் இருக்கறது ஆபிரகாம் புத்தகத்தோட பொருந்தலைன்னு ஒத்துக்குது.

1975-ல், மார்மன் புத்தகத்தில் வர்ற பயிர், மிருகம், உலோகம் எல்லாத்தையும் வரிசையா எடுத்து, தான் தேடின சாட்சி கிடைக்கலைன்னு ஃபெர்குசனே எழுதி வெச்சார். ஆனா சபையை விட்டுப் போகலை. 1983-ல் சாகற வரைக்கும் உறுப்பினராவே இருந்தார்.

"1996-ல் இவரைப் பத்தி ஒரு புத்தகம் வந்துச்சு. படிச்சிட்டு மூணு ராத்திரி தூங்கலை"ன்னார் பெரியவர். "நீ இன்னிக்குக் கொண்டு வந்த பட்டியல் எனக்குப் புதுசில்லைப்பா."

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிச்சு. ஒருவழியா, "அப்புறம் ஏன் ஞாயித்துக்கிழமை போறீங்க?"ன்னு கேட்டேன்.

"குதிரைக்காகப் போறதா நினைச்சியா? அவ கேன்சர்ல படுத்திருந்த எட்டு மாசமும் இந்த அடுப்பை நான் பத்த வைக்கலை. யாராவது ஒருத்தர் சாப்பாடு கொண்டு வந்தாங்க."

நான் அத்தோட விட்டிருக்கலாம். ஆனா மனசு கேட்கலை. தோல் விஷயத்தையும் கேட்டுட்டேன். அவர் ரொம்ப நேரம் பேசலை. "குவாத்தமாலாவில் மாயர்கள் வீட்டில் அவங்க போட்ட சோத்தைச் சாப்பிட்டுட்டு, நீங்க லேமன் வம்சம்னு அவங்ககிட்டயே சொன்னேன். அவங்களுக்குன்னு ஒரு வரலாறு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லை. அதுக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்லை"ன்னார்.

எனக்கு உறைச்சது அந்த வார்த்தைதான். குதிரை இருந்துச்சா இல்லையாங்கறது அறிஞர்கள் சண்டை. ஆனா மிசிசிப்பிக் கரை மண்மேடுகளை இந்தியர்கள் கட்டியிருக்க முடியாது, வேற ஏதோ இனம்தான் கட்டிச்சுன்னு 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவே நம்பிச்சு. அவங்க முன்னோர்தான் கட்டினாங்கன்னு 1894-ல் சைரஸ் தாமஸ் அறிக்கை போட்டப்புறம்தான் அது அடங்கிச்சு. அடுத்தவன் தாத்தாவுக்கு நாம கதை எழுதற வேலை அது. மார்மன் புத்தக முன்னுரையில் லேமனியர் அமெரிக்க இந்தியரின் 'பிரதான முன்னோர்'னு இருந்ததை, 2006-ல் 'முன்னோர்களில் சிலர்'னு மாத்தினாங்க. ரெண்டே வார்த்தை. அதுக்கு இத்தனை வருஷம்.

2012-ல் நான் ஊர் மாறினப்ப அந்த ஃபெர்குசன் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். ஓரங்களில் சாட்சி வர்ற இடமெல்லாம் பென்சிலில் டிக் அடிச்சிருக்கு, வாலிபத்தில் போட்டது. பல டிக் மேல பிற்பாடு நீல மையில் கேள்விக்குறி. சில டிக்கை மட்டும் அப்படியே விட்டு வெச்சிருக்கார். அது ஏன்னு கேட்கலை. பன்னித் தேர் ஜோக்குக்கு மன்னிப்பு மட்டும் கேட்டேன். "ஜோக் நல்லாத்தான் இருந்துச்சு, அன்னிக்குச் சிரிக்க முடியலை"ன்னார்.

உங்க புத்தக அலமாரியிலயும் டிக் மேல கேள்விக்குறி போட்ட பக்கம் இருக்கா? இருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே.