“ஆள் சீரியஸ்”

எங்கட பரந்தன் பக்கம் “ஆள் சீரியஸ்” என்று சொன்னால், கேட்கிறவர் உடனே “எந்த வாட்டில?” என்றுதான் கேட்பார். ஆங்கிலச் சொல் ஒன்று ஆஸ்பத்திரி வழியாக ஊருக்குள் வந்தால் இப்படித்தான்.

பத்தாம் தரப் பிள்ளை ஒருத்தி ஆங்கிலக் கொப்பியில் தன் அம்மம்மா சீரியஸான ஆள் என்று எழிதியிருந்தாள். பக்கத்துப் பிள்ளை எட்டிப் பார்த்து “எப்ப கொண்டு போனது?” என்று கேட்க வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. “சேர், அம்மம்மா 2017 ல இருந்து கந்தசாமி கோயிலடிக்குப் போறவ. மாமாவின்ர படத்தை மடியில வச்சுக்கொண்டு இருப்பா. அழமாட்டா, கத்தமாட்டா. அதுக்கு என்ன சொல்?”

கிளிநொச்சியில் அந்த வருடம் பெப்ரவரி 20 இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தைத்தான் சொன்னாள்.

ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தோம். சோபர் என்பதன் முதல் பொருள் குடிக்காதவர். தமிழிலும் வெறியில் இருப்பவரை “நிதானத்தில் இல்லை” என்கிறோமே, அந்த நிதானம். செடேட் என்றால் பதறாமல் அடங்கி இருப்பவர்; ஆனால் நோயாளியை அடக்கிப் படுக்க வைக்கிற மருந்தின் பெயரும் அதே வேர்தான். இந்த அம்மாவை யாரும் அடக்கவில்லை. ஸ்டெய்ட், ஸ்டே என்ற சொல்லின் பழைய வடிவம். அசையாத, கொஞ்சம் அலுப்பான ஆள் என்று நையாண்டியும் அதில் உண்டு. சொலம் சடங்கின் சொல். மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் விளக்கேற்றும்போது சனம் நிற்கிற நிலைக்குப் பொருந்தும். சடங்கு முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். இது முடியாதது.

மிஞ்சியது கிரேவ். லத்தீனில் பாரம் என்று பொருள். புதைகுழிக்கும் ஆங்கிலத்தில் அதே எழுத்துத்தான், ஆனால் வேர் வேறு, அது தோண்டுதலில் இருந்து வந்தது என்று விளக்கினேன். அவள் தலையை ஆட்டினாள். “வேர் வேறயா இருந்தாலும் வேண்டாம் சேர். மாமா இருக்கிறார் என்றுதான் அவ போறா.” சீரியஸ் என்பதை அப்படியே விட்டு, “அவர் காத்திருக்கிறார்” என்று ஆங்கிலத்தில் ஒரு வசனம் சேர்த்தாள்.

எனக்கு அந்தப் பாரம் மனதை விட்டுப் போகவில்லை. தொழுகைக்கு ஓடி வராதே, வகாராக நடந்து வா என்று சின்ன வயதில் சொல்லித் தந்தார்கள். அரபியில் அந்த வகாரின் வேரும் பாரம்தான். கௌரவம் என்ற சொல்லும் குரு, அதாவது பாரமானது, என்ற வடசொல்லில் இருந்து வந்தது. லத்தீன் சொல்லுக்கு அது தூரத்துச் சொந்தம். அந்தக் ‘கௌரவ’வை நாங்கள் அழைப்பிதழில் அரசியல்வாதியின் பெயருக்கு முன்னால் மட்டும் போடுகிறோம்.

அந்த அம்மம்மாவின் இருப்பைச் சொல்ல வன்னிப் பேச்சில் ஏதாவது சொல் இருக்கிறதா? வீட்டில் வயதானவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். பிள்ளைக்குக் காட்ட வேண்டும்.