அடுத்த முறையும் கிடைக்காவிட்டால்?



சில வாரங்களுக்கு முன் நம் சபையார் ஒருவருடைய வீட்டிற்கு ஜெபிக்கச் சென்றிருந்தேன். அவ்வீட்டு மகள் நுழைவுத் தேர்வில் இரண்டாம் முறையாகச் சில மதிப்பெண்களில் வாய்ப்பை இழந்திருந்தாள். "அடுத்த முறை கர்த்தர் நிச்சயம் ஜெயம் தருவார், மகளே" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "தராவிட்டால், ஐயா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

வீடு திரும்பும் வழியில் ஹாக்கி வீராங்கனை ராணி ராம்பாலை நினைத்துக்கொண்டேன். அரியானாவின் ஷாஹாபாத்தில் வண்டி இழுத்துப் பிழைத்த ஏழைத் தகப்பனின் மகள் அவர். உடைந்த மட்டையைக்கொண்டு ஆடப் பழகினார். பயிற்சிக்கு வருவோர் நாள்தோறும் அரை லிட்டர் பால் கொண்டுவர வேண்டும். வீட்டில் அவ்வளவு வாங்க வழியில்லை. இருந்த பாலில் ஒருவருக்கும் தெரியாமல் தண்ணீர் கலந்து எடுத்துச் சென்றதை அவரே பின்னாளில் கூறியிருக்கிறார்.

அந்தச் சிறுமி 15 வயதில் உலகக் கோப்பையில் ஆடினார். 2019-இல் புவனேசுவரத்தில் அமெரிக்காவுக்கு எதிராக அவர் அடித்த கோலே இந்தியாவை டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு அழைத்துச் சென்றது. அங்கே அவருடைய தலைமையில் நம் அணி ஆஸ்திரேலியாவை வென்று அரையிறுதியை எட்டியது. ஆயினும் 2021 ஆகஸ்ட் 6-ஆம் நாள், வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பிரிட்டனிடம் 3-4 எனத் தோற்றது. நான்காம் இடம்.

"அடுத்த முறை" என்று தேசமே ஆறுதல் சொல்லியது. அந்த அடுத்த முறை அவருக்கு வரவேயில்லை. காயம் அவரை 2022 உலகக் கோப்பையிலிருந்து விலக்கியது. பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு நம் மகளிர் அணி தகுதி பெறவில்லை. 2024 அக்டோபரில், ஒலிம்பிக் பதக்கம் இன்றியே அவர் ஓய்வு பெற்றார். எனினும் அதற்கு முன்பே, இளம் சிறுமியரைப் பயிற்றுவிக்கும் பொறுப்பை ஏற்றிருந்தார்.

பிரியமானவர்களே, உபாகமம் 34-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். நாற்பது ஆண்டுகள் ஜனங்களை நடத்திய மோசே, நேபோ மலையின்மேல் நின்று கானானைக் கண்டான், அதற்குள் பிரவேசிக்கவில்லை. ஆனால் தேசத்தைக் காட்டியவர் கர்த்தர். அவனை அடக்கம்பண்ணினவரும் அவரே. அவன் கைகளை வைத்து ஆசீர்வதித்த யோசுவா ஜனங்களை உள்ளே நடத்திச் சென்றான். மோசேயின் ஓட்டம் வீணாகவில்லை. அவன் தனியாகவும் விடப்படவில்லை.

கடந்த வாரம் அந்த வீட்டிற்கு மறுபடியும் சென்றேன். "மகளே, அன்றைக்கு என் கையில் இல்லாத வாக்கை உனக்குக் கொடுத்துவிட்டேன். அவர் ஜெயம் தருவாரா என்று எனக்குத் தெரியாது. தராவிட்டாலும், அந்த மலையின்மேலும் அவர் உன்னோடு நிற்பார். அதை நான் அறிவேன்" என்றேன். அவள் அழுதாள். பின்பு மூவருமாக ஜெபித்தோம், அவளும் தாயும் நானும்.

உங்கள் வீட்டிலும் நான்காம் இடத்தில் நிற்கும் ஒரு பிள்ளை இருக்கலாம். இந்த வாரம் அதன் அருகில் சற்று நேரம் அமர்ந்திருங்கள்.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.