பழவேற்காட்டில் ஒரு பகல்

சாத்தாங்காட்டில் நான் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் மதரஸாவிலிருந்து சற்று நடந்தால் பக்கிங்காம் கால்வாய் வந்துவிடும். இரும்புச் சந்தைக்குச் செல்லும் லாரிகளின் புழுதியும் ஆலைக் கழிவும் சேர்ந்து கறுத்துக் கிடக்கும் அந்த நீரைக் காண்பவரிடம், ஒரு காலத்தில் இதன் வழியாகத்தான் விறகும் உப்பும் சிப்பிச் சுண்ணாம்பும் படகுகளில் பட்டணம் வந்து சேர்ந்தன என்று சொன்னால் நம்பமாட்டார். 1806ஆம் ஆண்டளவில் காக்ரேன் என்னும் வெள்ளைக்கார வணிகர் எண்ணூர் வரை வெட்டிய உப்புநீர்க் கால்வாய் அது. பின்னர் பழவேற்காடு ஏரி வரை நீண்டது. என் உம்மா பட்டணம் வந்ததும் அதன் வழியாகத்தான். பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் செய்து வந்த தகப்பனார் காலமானபின், பத்து வயதுச் சிறுமியாக, தாயாரின் கையைப் பற்றிக்கொண்டு விறகுப் படகில் ஏறி வந்தவர்கள். 1960களில் நடந்தது. அதன்பின் அவர்கள் அந்த ஊருக்குத் திரும்பவே இல்லை.

சென்ற ஆண்டு இடுப்பு எலும்பு முறிந்து உம்மா படுக்கையில் விழுந்தார்கள். ஒரு நாள் இரவு என்னை அருகில் அழைத்து, "பழவேற்காட்டுக்குப் போய் என் வாப்பா கப்ருல ஒரு யாசீன் ஓதிட்டு வா. வரும்போது ஒரு ஓலைப்பெட்டி வாங்கிட்டு வா" என்றார்கள். நாற்பது வயதைக் கடந்த எனக்கு நாணமாக இருந்தது. திருவொற்றியூரில் கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால், அங்கிருந்து ஒரு பேருந்துப் பயணம்தான். இத்தனை அருகில் இருந்தும் எத்தனை ஆண்டுகள் தள்ளிப்போட்டுவிட்டேன்! கல்லூரியில் வரலாறு படித்தவன் நான். கிரனடாவைப் பற்றியும் பாக்தாதைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவேன். உம்மா பிறந்த ஊரைப் பற்றி ஒன்றும் அறியேன்.

மதரஸாவுக்கு விடுமுறையான ஒரு வெள்ளிக்கிழமை புறப்பட்டேன்.

பேருந்து ஊரை நெருங்கும்போதே ஏரி தெரிந்துவிடுகிறது. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்க, தென்முனை மட்டும் நம் பக்கம். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு கிடக்கிறது. பனிக்காலத்தில் வரும் பூநாரைகளைப் பார்க்கப் பட்டணத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். நான் போனது அதற்கான பருவமல்ல. நீரில் நின்று வலை வீசிய மீனவர்களையும், படகோரம் குவிந்திருந்த இறாலையும் நண்டையுமே கண்டேன். இந்த ஏரியில் யார் எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டலாம் என்பதைச் சில குப்பங்கள் தங்களுக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. அதற்குப் 'பாடு' என்று பெயர். எந்த அரசாங்கமும் எழுதிக்கொடுக்காத சட்டம் அது. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் பாடும் இல்லை, மீனும் இல்லை என்று படகோட்டி ஒருவர் சொன்னார். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தை இம்மக்கள் இத்தனை உறுதியாக எதிர்ப்பதன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

இந்தச் சிற்றூர் ஒரு காலத்தில் விஜயநகரப் பேரரசின் பெருந்துறைமுகங்களுள் ஒன்று. அரேபியாவிலிருந்து சில மரக்கலங்களில் வந்த முன்னோர்களே தங்கள் மூலம் என்று இங்குள்ள முஸ்லிம்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். வரலாற்றாசிரியர் சான்று கேட்பார், நானும் கேட்பேன். ஆனால் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியர் இக்கரைக்கு வந்தபோது, மலாக்காவரை கப்பல் விட்ட முஸ்லிம் வணிகர்கள் இங்கே இருந்தார்கள் என்பதில் ஐயமில்லை. போர்த்துகீசியருக்குப் பின் டச்சுக்காரர் வந்தனர். 1610இல் இடம் பெற்றார்கள். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் அந்தப் பண்டகசாலையைத் தாக்கி அழிக்க, 1613இல் கோட்டையே எழுப்பி, கெல்ட்ரியா என்று தங்கள் நாட்டு மாகாணம் ஒன்றின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். 1639இல் ஆங்கிலேயர் சென்னையில் மணல்மேட்டைப் பெற்றபோது, பழவேற்காடு சோழமண்டலக் கரையின் டச்சுத் தலைமையிடமாக இருந்தது. 1690இல் அந்தத் தலைமை நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. ஊர் பலமுறை கைமாறி, 1825இல் முற்றாக ஆங்கிலேயரிடம் வந்தது. சென்னை வளர்ந்தது, பழவேற்காடு மெலிந்தது.

டச்சுக்காரர் இங்கிருந்து முதன்மையாக ஏற்றியது துணி. வாசகர்களே, நம் வீட்டு ஆண்கள் உடுத்தும் பாளையகட் கைலியின் பெயரில் இருப்பது இந்த ஊர்தான்! மலேசியாவில் இன்றும் கட்டம்போட்ட கைலியைக் 'காயின் பெலிக்காட்' என்பார்கள். பழவேற்காட்டுத் துணி என்பதே அதன் பொருள். துணி மட்டுமா போயிற்று? 1620களில் பஞ்சத்தாலும் போராலும் நிலைகுலைந்த மக்களை விலைக்கு வாங்கி, இதே துறையிலிருந்து பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். அந்த மனிதர்கள் எந்த மண்ணில் அடங்கினார்களோ, அல்லாஹ் ஒருவனே அறிவான்.

கோட்டை இன்று புதர் மண்டிய மேடாகக் கிடக்கிறது. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில், சுற்றுச்சுவருடன் இருக்கிறது. நுழைவாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். உள்ளே கருங்கற்களில் ஆழமாகச் செதுக்கிய எழுத்துக்கள் 350 ஆண்டு மழைக்கும் உப்புக்காற்றுக்கும் மங்கவில்லை. பெயர், பதவி, பிறந்த ஊர், இறந்த நாள் என்று எல்லாம் இருக்கின்றன. கடல் கடந்து வந்து இளமையிலேயே மாண்ட வணிகன் ஒருவனின் வயதைக்கூட என்னால் கணக்கிட முடிந்தது. என் பாட்டனார் இறந்த ஆண்டு எனக்குச் சரியாகத் தெரியாது.

ஜும்ஆவுக்கு நேரமாயிற்று. இங்கே பெரிய பள்ளிவாசல், சின்னப் பள்ளிவாசல் என இரண்டு உண்டு. சின்னப் பள்ளிவாசலில் நிழலைக் கொண்டு தொழுகை நேரம் காணும் பழைய சூரியக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. அஸருக்கு ஷாஃபிஈ மத்ஹபில் நிழல் ஒரு மடங்கு, ஹனஃபி மத்ஹபில் இரு மடங்கு என்று கரும்பலகையில் கோடு இழுத்து நான் பாடம் நடத்துவது வழக்கம். அங்கே வெயில் தானே அந்தக் கோட்டை இழுத்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளை ஒருமுறை அழைத்து வரவேண்டும், இன்ஷா அல்லாஹ்.

தொழுகை முடிந்ததும் பெரியவர் ஒருவரிடம் என் பாட்டனாரின் பெயரைச் சொன்னேன். "கருவாட்டுக் கடைக்காரர் மகள் வயிற்றுப் பிள்ளையா நீங்க? வாங்க ஹஜ்ரத்" என்று கையைப் பற்றி மையவாடிக்கு அழைத்துச் சென்றார். மணற்பரப்பு, கொஞ்சம் முட்செடி, ஆங்காங்கே சாய்ந்து நிற்கும் மீஸான் கற்கள். ஒரு கல்லிலும் எழுத்தில்லை. பெரியவர் இரண்டு மூன்று இடங்களைக் கைத்தடியால் காட்டினார். "இங்கே இருக்கலாம். அந்தப் பனைமரத்துப் பக்கமும் இருக்கலாம். எத்தனை புயல் அடிச்சுப் போச்சு!" என்றார்.

கப்ருகளுக்குக் காரை பூசுவதையும் அவற்றின்மீது கட்டடம் எழுப்புவதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று பாடம் சொல்பவன் நான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால், உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்களை அடக்கியபோது, அடையாளம் தெரியவேண்டும் என்று நாயகம் அவர்களே தலைமாட்டில் ஒரு கல்லை வைத்ததும் அதே பாடத்தில் வருகிறது. எங்கள் பாட்டனாருக்கும் யாரோ கல் வைத்திருப்பார்கள். அதை நினைவில் வைத்திருக்க வேண்டியவர்கள்தாம் படகேறிப் போய்விட்டோம். பின்னரும் ஒருவர்கூட வந்து பார்க்கவில்லை. வெள்ளைக்காரக் கல்லறையைக் கண்டு வந்த பொறாமை, அந்த மணலில் நின்றபோது வெட்கமாக மாறிற்று. மையவாடியின் வாசலுக்கருகே நின்று, அங்கே அடங்கியிருக்கும் அனைவருக்குமாக யாசீன் ஓதினேன். பெரியவர் ஆமீன் சொன்னார்.

ஓலைப்பெட்டி தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. இந்த ஊர் முஸ்லிம் பெண்களின் கைத்தொழிலே அதுதான். குருத்தோலையைக் கிழித்துக் காயவைத்து, சாயம் தோய்த்து, பேசிக்கொண்டே பின்னுகிறார்கள். விரலைப் பார்ப்பதே இல்லை. படித்த பெண்கள் இத்தொழிலுக்கு வருவதில்லை என்று ஒரு மூதாட்டி குறைப்பட்டார். அவர் கொடுத்த கூலிக் கணக்கைக் கேட்டபின், வராத பெண்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரயிலில் திரும்பும்போது ஒரே யோசனைதான். கப்ரைப் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் உம்மாவின் மனம் குளிரும். பனைமரத்தடி என்று இடம்கூடச் சொல்லலாம். பொய் சொல்லாதீர்கள் என்று அன்றாடம் பிள்ளைகளைக் கண்டிக்கும் வாய்க்கு, மீஞ்சூர் தாண்டும்வரை அது பெரிய பாவமாகவும் தோன்றவில்லை.

வீட்டில் உம்மா விழித்திருந்தார்கள். "கப்ரு தெரிஞ்சுதா?" என்றுதான் முதலில் கேட்டார்கள்.

"தெரியலை உம்மா. எல்லாருக்குமாச் சேர்த்து ஓதினேன்" என்றேன்.

சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நான் மட்டும் என்ன பார்த்தேன்? மையித்தைத் தூக்கினப்போ என்னைத் திண்ணையிலேயே நிறுத்திட்டாங்க. நீயாவது அந்த மண்ணுல நின்னியே" என்றார்கள்.

ஓலைப்பெட்டியைக் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார்கள். மூடியைத் திறந்து, விளிம்பு நெடுகிலும் விரலை ஓட்டினார்கள்.

"ஓரத்தைச் சரியா மடிக்கலையே, யார் பின்னினது?" என்றார்கள்.