பலகையில் மிஞ்சிய இடம்

ஒரகடத்துக்குக் காலை ஷிப்டு ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்துகளின் புழுதி பென்னலூர்ச் சாலையில் அடங்கிய பிறகு, ஒரு சான்றிதழ் நிமித்தம் நான் படித்த பள்ளிக்குச் சென்றிருந்தபோது, தலைமையாசிரியர் அறைச் சுவரில் முதல் மதிப்பெண் பெற்றவர்களின் பெயர் தாங்கிய அந்தப் பழைய கறுப்புப் பலகையை மீண்டும் தரிசிக்கும் பாக்கியம் கிட்டியது. ஆண்டு, பெயர், மதிப்பெண் என வெள்ளைப் பெயின்ட்டில் மூன்று பத்திகள். என் வகுப்புத் தோழி ஒருத்தியின் இனிஷியலைத் தவறாக எழுதிப் பிளேடால் சுரண்டித் திருத்திய தழும்புகூட அப்படியே இருந்தது.

மாநில முதலிடம் பெற்ற பிள்ளையின் வாயில் லட்டு ஊட்டும் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்துப் பார்த்து, நாம் ஏதோ குற்றம் இழைத்தவர்களைப்போலக் குன்றிப்போன என் தலைமுறைக்கு, 2017 மே மாதத்தில் பொதுத்தேர்வு முடிவுகளில் தரவரிசை வெளியிடும் வழக்கத்தையே தமிழக அரசு கைவிட்டது, காலங்கடந்து வந்த சமாதானமாகவே தோன்றியது. (பிளெக்ஸ் பேனர்கள் மட்டும் சந்நியாசம் வாங்கிக்கொள்ளவில்லை!) ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் அவளுடைய ரேங்கை விசாரிப்பதில்லை, என் அபிப்பிராயத்தில் அதுவே உத்தமமான கௌரவம்.

பலகையின் அடியில் இன்னும் நான்கு பெயர்களுக்கு இடமிருக்கிறது. பலகைச் சட்டத்தின் இடுக்கில் இப்போது மின் கட்டண ரசீதைச் செருகி வைத்திருக்கிறார்கள்.