'வாங்காதீங்க' என்ற பெயின்ட் மேஸ்திரிக்கு



நேரில் வந்து நன்றி சொன்னால் டீ வாங்கிவரப் பையனை அனுப்பிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் இந்த மடல், அதுவும் நாலு பேர் படிக்கிற இடத்தில். வீட்டுக் கார் ஷெட்டிலேயே வண்டியின் பழைய பெயின்ட்டைச் சுரண்டிப் புதுசாக அடிக்க ஆசைப்பட்டு, கம்ப்ரசர் விலை விசாரித்துக்கொண்டிருப்பவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் எனக்குச் சொன்னது அவர்கள் காதிலும் விழட்டும்.

நான் கொண்டுவந்த பட்டியல் நினைவிருக்கிறதா? கம்ப்ரசர், சாண்ட் பிளாஸ்டிங் பெட்டி, கன், பவுடர் கோட்டிங் செட், அதற்கு ஒரு அவன். எல்லாவற்றையும் படித்துவிட்டு, "மெஷினை விடுங்க தம்பி, எந்தெந்த ஜாமானை அடிக்கப்போறீங்க?" என்று கேட்டீர்கள். கடைக்காரர்கள் யாரும் கேட்காத கேள்வி அது.

என் வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம் வண்டலூர் ஆலையில் பிறந்தது. இதன் மூத்த அண்ணனான டிரையம்ஃப் ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-ல் வந்தது. அதற்கு முன்பே, அதைத் தயாரித்த கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடி அடித்துத் தர ஆள் இல்லை. வேறு வழியின்றித் துண்டு துண்டாகப் பல இடங்களில் அடித்து வாங்கி, தனிச் சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். அந்தக் காலத்து வியாபாரச் சண்டையின் புண்ணியத்தில், இன்று தாம்பரத்தில் ஸ்பேனர் செட்டை வைத்துக்கொண்டு ஒருவன் வண்டியை அக்கக்காகக் கழற்ற முடிகிறது. மட்கார்டோடு சேர்ந்து முன்னால் கவிழ்கிற அந்தப் பெரிய பானெட்கூடத் தனியாக வந்துவிடும்.

கழற்றியதையெல்லாம் ஷெட் தரையில் பரப்பி, காலாலேயே மூன்று குவியலாகப் பிரித்தீர்கள். விஷ்போன், பிராக்கெட், வீல் மாதிரி கனமான இரும்பு ஒரு பக்கம். கதவு, பானெட் மாதிரித் தகடு ஒரு பக்கம். அலுமினியமும் பித்தளையும் இன்னொரு பக்கம். எந்த மெஷின் வேண்டும் என்பது அப்போதே பாதி முடிவாகிவிட்டது.

காற்றுக் கணக்கை நீங்கள் சொல்லிக்கொடுத்த விதம்தான் எனக்கு இன்னும் வியப்பு. கடையில் எல்லோரும் எச்.பி.யையும் டேங்க் லிட்டரையும் சொல்லி விற்கிறார்கள். நீங்கள் நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காற்று என்று கேட்டீர்கள். 2 எச்.பி. கம்ப்ரசரில் 8 சி.எஃப்.எம். என்று எழுதியிருந்தால் அது பிஸ்டன் இழுக்கிற அளவு. குழாய் வழியே வெளியே வருவது ஏறக்குறைய அதில் மூன்றில் இரண்டு பங்குதான். 3 மில்லிமீட்டர் ஓட்டை உள்ள பிளாஸ்டிங் நாசிலோ 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 15 சி.எஃப்.எம்.முக்குக் குறையாமல் கேட்கும். 50 லிட்டர் டேங்க் 8 பாரிலிருந்து 5 பாருக்கு இறங்க அரை நிமிஷம் போதும். அப்புறம் மோட்டார் கத்திக்கொண்டே இருக்கும், நாம் காத்துக்கொண்டே இருப்போம். நாசில் விட்டம் இரட்டிப்பானால் காற்று நாலு மடங்கு வேண்டும். ஒழுங்காக பிளாஸ்ட் செய்ய 5 எச்.பி.க்குக் குறையாத மெஷின், த்ரீ பேஸ் கரன்ட் என்று போகவேண்டும். நாலு விஷ்போனுக்கு அதெல்லாம் எதற்கு? "வெளியில கொடுத்து வாங்குங்க" என்று பட்டியலில் முதல் கோடு போட்டீர்கள்.

பிளாஸ்டிங் வேலைக்குக் கொடுக்கும்போது ஆற்று மணலா என்று கேட்கச் சொன்னதற்குத் தனியாக ஒரு நன்றி. மணலில் உள்ள சிலிக்கா தூளாகி நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ். பிரிட்டன் இந்த வேலைக்கு மணலை 1949-ல் போட்ட விதியிலேயே விலக்கிவிட்டது. நமக்கோ அதற்கு மாற்றான கார்னெட் மணல் தென்கோடிக் கடற்கரையிலேயே கிடந்தது.  கார்னெட்டோ அலுமினியம் ஆக்சைடோ போடுகிற பட்டறையாகப் பார்த்துத்தான் கொடுத்தேன். தகட்டை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. பிளாஸ்டிங்கில் தகடு நெளிந்துவிடும், அப்புறம் பட்டி போட்டே ஆயுசு போகும் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்களே.

தகட்டுக்கு 4 இஞ்ச் கிரைண்டரும் கறுப்பு நிற ஸ்ட்ரிப் டிஸ்க்கும் போதும் என்றீர்கள். ஃப்ளாப் டிஸ்க் சூடேற்றித் தகட்டைத் தின்றுவிடும் என்பதை ஒரு பழைய கதவில் காட்டினீர்கள்: ஓர் இடத்தில் அழுத்திப் பிடித்ததும் நீலம் பாரித்தது, தட்டியபோது அங்கே மட்டும் தகடு டொக்கென்று உள்ளே போய் வெளியே வந்தது. மீதியை வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதுதான் நல்லது. அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கும். ஈரமாகத் தேய்த்தால் தூசி பறக்காது.

பெயின்ட் ரிமூவர் டப்பாவைத் திருப்பிப் படிக்கச் சொன்னீர்கள். மெத்திலீன் குளோரைடு என்று இருந்தால் மூடிய ஷெட்டில் திறக்கவே கூடாது. உயிர்கள் போன பிறகு, 2019-ல் அமெரிக்காவில் அந்த ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்பதையே தடை செய்தார்கள். காஸ்டிக் சோடா தொட்டியில் இரும்பு பளிச்சென்று வரும், அலுமினியம் கரைந்தே போகும். மூன்றாவது குவியலைத் தனியாக ஒதுக்கியதன் காரணம் அதுதான்.

துரு பிடித்த சின்ன பிராக்கெட்டுகளுக்கு நீங்கள் சொன்னது செலவே இல்லாத கரன்ட் வித்தை. பிளாஸ்டிக் டப், 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா, பழைய மாடல் பேட்டரி சார்ஜர். நெகட்டிவ் நம் ஜாமானுக்கு, பாசிட்டிவ் வேண்டாத இரும்புத் தகட்டுக்கு. அந்தத் தகட்டுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தொங்கவிடக் கூடாது, விஷக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் கிளம்புவதால் திறந்த வெளியில் வைக்க வேண்டும். ஸ்பிரிங்கை இதில் போட்டால் நொறுங்கும் குணம் வந்துவிடும். புதுசாக வருகிற ஸ்மார்ட் சார்ஜர் பேட்டரி இல்லையென்றால் வேலையே செய்யாது என்பதால், உங்கள் பரணில் கிடந்ததையே எடுத்துக் கொடுத்தீர்கள். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கேட்டால்தான் தருவேன்!

பெயின்ட் விஷயத்தில் நீங்கள் கறார். கண்ணுக்குத் தெரியாத ஜாமானுக்கு கன் எதற்கு, எபாக்சி பிரைமரும் சேஸிஸ் பிளாக்கும் பிரஷ்ஷிலேயே அடி என்றீர்கள். சுரண்டிய இரும்பை ராத்திரி வெறுமனே விடாதே, நம் ஊர்க் காற்றில் விடியும்போது மஞ்சள் பூத்துவிடும் என்றீர்கள். கன்னுக்குப் போகுமுன் உங்கள் கம்ப்ரசருக்கு அடியில் உள்ள வால்வைத் திறந்து, வெள்ளைத் துணியைக் காட்டினீர்கள். புஸ்ஸென்று வந்தது டீ டிகாஷன் நிறத் தண்ணீர். அதைப் பார்த்த எவனும் வாட்டர் டிராப் இல்லாமல் பெயின்ட் அடிக்கமாட்டான். அந்த டிராப்பும் கம்ப்ரசரை ஒட்டி இருந்தால் பயனில்லை, குழாயில் கொஞ்சதூரம் போய்க் காற்று ஆறிய பிறகுதான் ஈரம் பிரியும் என்பதை எந்தக் கடையிலும் எனக்குச் சொல்லவில்லை.

பவுடர் கோட்டிங் செட்டையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டீர்கள். 180, 200 டிகிரி சூட்டில் வேகவைக்க வேண்டும். சமையலறை அவனில் விஷ்போன் நுழையாது, நுழைந்தாலும் அதில் மறுபடி கேக் செய்ய முடியாது. வீலை மட்டும் அம்பத்தூரில் ஒரு கோட்டிங் பட்டறைக்கு அனுப்பினேன்.

கடைசியில் நான் வாங்கியது கிரைண்டர், 2 எச்.பி. பெல்ட் டிரைவ் கம்ப்ரசர், வாட்டர் டிராப், சாதாரண 1.4 மில்லிமீட்டர் நாசில் கன், நல்ல முகமூடி, அவ்வளவுதான். பட்டியலில் பாதிக்கு மேல் பணம் மிச்சம். பி.யு. (பாலியூரிதேன்) பெயின்ட்டை மட்டும் வீட்டில் தொடவே கூடாது என்று சத்தியம் வாங்கினீர்கள். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயைக் கெடுத்தால் அப்புறம் ஒரு துளி வாசம்கூட ஆகாது, கரி ஃபில்டர் முகமூடியை நம்பக் கூடாது, வெளியிலிருந்து காற்று வருகிற மாஸ்க் வேண்டும் என்றீர்கள். உங்களோடு தொழில் கற்ற ஒருவர் இன்று கன்னைத் தொட முடியாமல் வாட்ச்மேன் வேலை பார்ப்பதையும் சொன்னீர்கள். அப்போது உங்கள் குரல் இறங்கிப்போனது.

ஆகவே பானெட்டும் கதவுகளும் உங்கள் பூத்துக்குத்தான் வருகின்றன. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வேண்டாம் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். பொங்கல் கழிந்து கொண்டுவருகிறேன். பிரைமர் வரை என் கை, அதற்கு மேல் உங்களுடையது. கூலியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், போன தடவை மாதிரி "பார்த்துக் கொடுங்க தம்பி" என்று விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
தாம்பரத்து ஹெரால்டுக்காரன்